வழுக்கையும் வணிகமும்

எழுதுவதற்கு எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, மயிரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அச்சொல்லே நம்மிடையே வசைச் சொல்லாகிவிட்ட நிலையில் அவர்களை நான் குறை கூறேன். ஆயினும், அற்பமெனத் தோன்றும் பொருள்களின் வரலாற்றிலேதான் சில வேளைகளில் ஒரு சமுதாயத்தின் இயல்பு தெளிவாகப் புலப்படுகிறது.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். மத்திய கிழக்கிலே ஐந்தாண்டுகள் உழைத்துத் திரும்பியவன்; வயது இருபத்தெட்டு. வீட்டுக்குள் அமர்ந்த பின்பும் தொப்பியைக் கழற்றாமலே பேசிக்கொண்டிருந்தான். கலியாணப் பேச்சு இரண்டு இடங்களில் குழம்பிவிட்டதாம்; மாப்பிள்ளைக்குத் தலை வெளித்துவிட்டது என்பதே காரணமாம். முகவர் ஒருவர் இஸ்தான்புல் நகருக்கு அழைத்துச் சென்று மயிர் நடுவித்துத் தருவதாகக் கூறியிருக்கிறார். நட்ட பின்னர், சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தையும் 'ஸ்ரெம் செல்' என்பதையும் ஏற்றினால் மீண்டும் வழுக்கை விழவே மாட்டாது என்று உறுதியும் சொல்லியிருக்கிறார். "தங்கச்சியின் பேரில் வங்கியில் போட்ட காசை எடுக்கலாமா, சேர்?" என்று கேட்டான்.

நான் தமிழ் படித்தவன்; மருத்துவம் படித்தவனல்லன். என் நெற்றியும் மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இவ்விடயத்தில் எனக்கு வேறு தகுதியில்லை. ஆகவே அவனுக்கு உடனே விடை சொல்லவில்லை. வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். தேடியதன் பயனே இக்கட்டுரை.

வழுக்கைக்கு மருந்து தேடும் முயற்சி நாகரிகத்தைப் போலவே பழமையானது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் எகிப்திய மருத்துவ ஏடான ஏபெர்ஸ் பப்பிரசு, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையிற் பூசுமாறு கூறுகிறது. இத்தனை விலங்குகளின் கொழுப்பைத் தேடிப்பெற எகிப்தியக் குடியானவனால் இயன்றிருக்குமா என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். உரோமிலே யூலியசு சீசர், பின்மயிரை முன்னால் இழுத்துச் சீவி வழுக்கையை மறைத்தான் என்றும், செனற் சபை தனக்களித்த சிறப்புகளுள் எப்போதும் வாகை மாலை சூடிக்கொள்ளும் உரிமையையே பெரிதும் விரும்பினான் என்றும் சுவெற்றோனியசு எழுதியிருக்கிறார். உலகை வென்றவனும் தன் தலையை வெல்ல இயலவில்லை.

பிரான்சிலே பதின்மூன்றாம் லூயி மன்னன் இளமையிலேயே மயிரிழந்து பொய்ம்மயிர் அணிந்தான். மன்னன் அணிந்ததைப் பிரபுக்கள் அணிந்தனர். பிரபுக்கள் அணிந்தது ஐரோப்பிய உயர்குலத்தின் சீருடையாயிற்று. ஒருவனது குறைபாடு ஒரு வர்க்கத்தின் அடையாளமாக மாறிய விந்தை அது. 1795 இல் பிரித்தானிய அரசு பொய்ம்மயிருக்குப் பூசும் மாவுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி வரி விதித்தது. பிரெஞ்சுப் புரட்சியின் அதிர்ச்சியும் இவ்வரியும் சேர்ந்து அந்நாகரிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன.

ஆனால் அந்தப் பொய்ம்மயிர் யாருடைய தலையில் வளர்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சின் பிரித்தானி மாகாணத்துச் சந்தைகளில் குடியானவப் பெண்கள் வரிசையாக நின்று தம் கூந்தலை வெட்டுவித்து, பதிலுக்குத் துணியோ சிறு பணமோ பெற்றுச் சென்றனர். நம் காலத்திலே திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகக் களையும் முடி ஏலம் விடப்பட்டு, உலகச் சந்தைக்குச் செல்கிறது. 2004 இல், இந்தியக் கோயில்களில் காணிக்கையான முடியாற் செய்த பொய்ம்மயிரை யூதப் பெண்கள் அணிதல் தகாது என்று வைதிக யூத குருமார் தீர்ப்பளித்தபோதுதான், தம் தலையிலிருந்த கூந்தல் எங்கிருந்து வந்தது என்று பலர் எண்ணிப்பார்த்தனர். தான் காணிக்கையாக்கிய கூந்தல் எங்கே போயிற்று என்று கேட்கும் வாய்ப்பு அதனைக் கொடுத்த ஏழைப் பெண்ணுக்கு இருந்ததில்லை. பண்டமாகிவிட்ட பொருளில் உழைத்தவர் முகம் மறைந்துபோவது வழமைதானே.

இனி விஞ்ஞான வரலாற்றுக்கு வருவோம். அலிகள் வழுக்கையடைவதில்லை என்பதைக் கிரேக்க மருத்துவர் இப்போகிறத்தீசு பெயரால் வழங்கும் நூலே குறிப்பிட்டிருக்கிறது. இவ்வவதானத்துக்கு விளக்கங் காண இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அமெரிக்க உடலமைப்பியலாளர் யேம்சு ஹமில்ரன் 1942 இல் வெளியிட்ட ஆய்வு, ஆண் ஓமோன் இன்றி ஆண்களின் வழுக்கை தோன்றாது என்பதை நிறுவியது. விதையடிக்கப்பட்டவர்கள் வழுக்கையடையவில்லை, ஆண் ஓமோன் ஏற்றப்பட்டபோது, பரம்பரைப் போக்குடையவர்கள் மயிரிழக்கத் தொடங்கினர். ஏற்றுவதை நிறுத்தியபோது வழுக்கை மேலும் பரவாது நின்றது. ஆயினும் போன மயிர் திரும்பவில்லை. ஆக, பரம்பரை, ஓமோன், வயது ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவே வழுக்கை என்பது தெளிவாயிற்று. சவர்க்காரம், தொப்பி, கிணற்று நீர் என்று நம்மவர் கூறும் காரணங்கள் யாவும் இதன்முன் வலுவிழக்கின்றன.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். விதையடிக்கப்பட்ட ஆண்கள் அமெரிக்காவில் எங்கிருந்து கிடைத்தனர்? 1969 இல் ஹமில்ரன் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அவர்களது ஆயுளைப் பற்றியது. அவ்வாய்வுக்குரியோர் கன்சாசு மாநிலத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கென நடத்தப்பட்ட நிலையமொன்றில் வைக்கப்பட்டிருந்தவர்கள். 'தகுதியற்றோர்' பெருகக்கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமாக நின்ற காலம் அது. விஞ்ஞானியின் அவதானம் உண்மையானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வுண்மையின் அடியிலே, தம் விருப்பம் எவராலும் கேட்கப்படாத மனிதரின் உடல்கள் கிடக்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

மயிரை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் நடலாம் என்பதை முதலில் விரிவாகச் செய்துகாட்டியவர் யப்பானியர். தோல்நோய் மருத்துவர் சோயி ஒக்குடா, 2 முதல் 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்ட வெட்டூசியால் மயிருள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து, தழும்பேறி மயிரற்றுப் போன இடங்களில் நட்டார். தலை, புருவம், மீசை ஆகிய இடங்களில் ஏறத்தாழ 200 பேருக்கு இவ்வாறு செய்ததை 1939 இல் வெளியிட்டார். 1943 இல் தமுரா என்பவர் இன்னும் நுட்பமாக, ஒற்றை மயிர்களையே தனித்தனியாக நடும் முறையை எழுதினார். ஆனால் உலகப் போர் மூண்டது. யப்பானிய மொழியில் வந்த அக்கட்டுரைகளை மேலைநாடுகள் பல காலம் அறியவில்லை. ஒக்குடாவின் நோக்கம் வழுக்கைத் தலையை அழகு செய்வதன்று. எரிகாயத்தாலும் வடுவாலும் உருக்குலைந்தோரின் முகத்தை மீட்பதே அவரது முயற்சியாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1952 இல் நியூயோர்க் நகரத் தோல்நோய் மருத்துவர் நோர்மன் ஓரென்றைக் முதன்முதலாக ஆண் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டார். அவரது கட்டுரை 1959 இலேயே அச்சேறியது. அவர் கண்ட உண்மை எளிமையானது. ஆயினும் மிக முக்கியமானது. வழுக்கை விழுவது தலையின் இடத்தைப் பொறுத்ததன்று. மயிர்க்காலின் இயல்பைப் பொறுத்தது. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிர்க்கால்கள் ஆண் ஓமோனின் தாக்கத்தைத் தாங்குவன. அவற்றை எடுத்து நெற்றியில் நட்டாலும் அவை தம் பழைய இயல்பை விடா. நாற்றங்கால் மாறினாலும் நெல்லினம் மாறாது என்பதைப் போன்றது இது.

ஆனால் அக்காலத்தில் நட்டது 4 மில்லிமீற்றர் வட்டங்களாக, கொத்துக் கொத்தாக. விளைவு, பொம்மையின் தலையில் மயிர் பதித்தாற் போலிருந்தது. 1984 இல் ஹெடிங்ரன் என்பவர் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, மயிர் தனித்தனியே அன்றி ஒன்று முதல் நான்கு வரையான சிறு தொகுதிகளாகவே இயற்கையில் முளைக்கிறது என்று விளக்கினார். ரெக்சாசைச் சேர்ந்த பொபி லிம்மர், பிடரியிலிருந்து வெட்டியெடுத்த தோற் பட்டையை நுணுக்குக்காட்டியின் கீழ் அத்தொகுதிகளாகப் பிரித்து நடும் முறையை 1994 இல் வெளியிட்டார். 2002 அளவில், பட்டையாக வெட்டாது ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட வெட்டூசியால் ஒவ்வொரு தொகுதியையும் நேரடியாகப் பறித்தெடுக்கும் முறை மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டது. இன்று பெரிதும் வழங்குவது இதுவே. ஓர் அமர்வில் ஈராயிரம், மூவாயிரம் தொகுதிகள் வரை நடப்படுகின்றன. நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களின் பின் மீண்டும் முளைத்து, ஓராண்டளவில் முழுமை பெறுகிறது.

இம்முறையின் எல்லையை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். பொருளாதார மாணவருக்கு நன்கு தெரிந்த மொழியிற் கூறின், இது பங்கீடேயன்றி உற்பத்தியன்று. பிடரியிலிருந்து எடுத்த மயிர் பிடரியில் மீண்டும் முளைக்காது. அங்குள்ள இருப்பு அளவானது. இருபத்தைந்து வயதில் அதனை அள்ளி நெற்றியில் நட்டுவிட்டால், நாற்பதில் உச்சி வெளிக்கும்போது நடுவதற்கு எஞ்சியிருப்பது சொற்பம். நெற்றியில் ஒரு தீவும், அதன் பின்னே ஒரு வெளியுமாக நிற்கும் தலைகள் இதன் விளைவே. இளைஞர் விடயத்தில் பொறுப்புள்ள மருத்துவர் தயங்குவதும் இதனாலேயே. முகவருக்கு இத்தயக்கம் கிடையாது.

சத்திரசிகிச்சைக்குப் புறம்பாக இரண்டு மருந்துகள் வந்தன. அவற்றின் கதையும் அறியத்தக்கது. கடும் குருதியமுக்கத்துக்காக அப்யோன் நிறுவனம் ஆக்கிய மினொக்சிடில், 1979 இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. அதை உட்கொண்டவரின் உடலில் வேண்டாத இடங்களிலெல்லாம் மயிர் வளர்ந்தது. பக்கவிளைவே பின்னர் சரக்காயிற்று. 1988 இல் தலையிற் பூசும் திரவமாக அனுமதிக்கப்பட்டது. பூசுவதை நிறுத்தினால் பயனும் சில மாதங்களில் நின்றுவிடும்.

மற்றது பினஸ்ரறைட். தொமினிக்கன் குடியரசின் சலினாசு என்னும் ஏழைக் கிராமத்தில், பிறக்கும்போது பெண்குழந்தைகளாகத் தோன்றிய சிலர் பருவமெய்தும்போது ஆண்களாக வளர்ந்தனர். யூலியான் இம்பெராத்தோ மக்கின்லி என்னும் மருத்துவரும் தோழர்களும் அங்கு சென்று, 13 குடும்பங்களில் 24 பேரை ஆராய்ந்து 1974 இல் எழுதினர். ஆண் ஓமோனை இன்னும் வீரியமான வடிவுக்கு மாற்றும் நொதியமொன்று அவர்களிடம் பரம்பரையாகக் குறைந்திருந்தது. அவர்களது புரோஸ்ரேற் சுரப்பி சிறிதாகவே இருந்தது, அவர்கள் வழுக்கையடையவுமில்லை. மேர்க் நிறுவனம் இச்செய்தியைப் பற்றிக்கொண்டு, அந்நொதியத்தைத் தடுக்கும் மருந்தை ஆக்கியது. 1992 இல் புரோஸ்ரேற் வீக்கத்துக்கும், 1997 இல் வழுக்கைக்கும் அது விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் அது ஈட்டிய பணம் பெரிது. அந்த மருந்துக்கு வழிகாட்டிய கிராமம் கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால் ஏழைக் கிராமமாகவே இருந்தது.

இனி, என் மாணவன் 'ஸ்ரெம் செல்' என்று குறிப்பிட்ட மீளுருவாக்க மருத்துவத்தைப் பார்ப்போம். பங்கீட்டோடு நில்லாது மயிர்க்காலை உற்பத்தி செய்ய இயலுமா என்பதே இதன் வினா. 1990 இல் கொற்சரெலிசும் தோழர்களும், மயிர்க்காலின் நடுப்பகுதிப் புடைப்பிலே மூலக் கலங்கள் உறைகின்றன என்பதைக் காட்டினர். 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு, வழுக்கைத் தலையிலும் அம்மூலக் கலங்கள் அழிந்துவிடவில்லை. அவற்றிலிருந்து தோன்றவேண்டிய அடுத்த நிலைக் கலங்களே குன்றியுள்ளன என்று கண்டது. அஃதாவது, வயல் அழியவில்லை, விதையும் அழியவில்லை, முளைப்புத்தான் தடைப்பட்டிருக்கிறது.

1999 இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிசோதனை வியப்புக்குரியது. கொலின் யகோடா என்னும் ஆய்வாளரின் தலைத்தோலிலிருந்து மயிர்க்காலின் அடியுறையைச் சிறிதளவு எடுத்து, அமண்டா ரெயினோல்ட்சு என்னும் ஆய்வாளர் தம் முன்னங்கையில் வைப்பித்துக்கொண்டார். சில வாரங்களில் அங்கே புதிய மயிர் முளைத்தது. பிறருடைய இழையத்தை உடல் தள்ளிவிடும் என்ற பொதுவிதியையும் அது மீறிற்று. பிறர் உடலைத் தேடாது தம் உடலையே களமாக்கிய இவர்களது செயலை முன்னர் சொன்ன கன்சாசு நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2013 இல் யகோடாவும் அஞ்செலா கிறிஸ்ரியானோவும் மற்றுமோர் அடி எடுத்துவைத்தனர். மனித மயிர்க்காலின் அடிக்கலங்களைத் தட்டையான பாத்திரத்தில் வளர்த்தால் அவை மயிர் முளைப்பிக்கும் ஆற்றலை இழக்கின்றன. தொங்கும் துளிகளில் உருண்டையாகக் கூடி வளரவிட்டால் அவ்வாற்றலை ஓரளவு மீளப் பெறுகின்றன. தனித்துப் பரந்து கிடக்கையில் மறந்ததை, ஒன்றுகூடும்போது நினைவுகூர்கின்றன என்று கூறலாம் போலும்!

ஆயினும் ஆய்வுகூடத்துக்கும் சந்தைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. பொய்ம்மயிர் விற்றுப் பெருகிய அடெரான்ஸ் என்ற யப்பானிய நிறுவனமே கலங்களைப் பெருக்கி நடும் ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் பணமிட்டு, 2013 இல் அதைக் கைவிட்டது. வளர்த்த கலங்களால் வேண்டிய அளவு புதிய மயிர்க்கால்களை ஆக்கும் முறை இன்னும் பொது மருத்துவமாகவில்லை.

அப்படியாயின் முகவர்கள் விற்பது யாது? பெரும்பாலும், நோயாளியின் குருதியையே சுழற்றிப் பிரித்து, சிறுதட்டுக்கள் செறிந்த திரவவிழையத்தைத் தலைத்தோலில் ஊசியால் ஏற்றுகின்றனர். சிறுதட்டுக்கள் காயம் ஆற்றும் வளர்ச்சிப் பொருள்களை வெளிவிடுவன. ஆகவே இதற்கு அடிப்படையில்லை என்று கூறமுடியாது. 2006 இல் பிரேசில் சத்திரசிகிச்சையாளர் கார்லோசு ஊபெல், நடவிருக்கும் மயிர்க்கால்களை இத்திரவத்தில் தோய்த்து நட்டு, 20 பேரில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடிய விளைச்சலைக் கண்டதாக எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் சிலவற்றில் பயன் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. எவ்வளவு குருதி, எத்தனை முறை, எவ்வளவு செறிவு என்பனவெல்லாம் இடத்துக்கிடம் வேறுபடுகின்றன. மெலிந்த மயிரை ஓரளவு தடிப்பிக்கலாம் என்பதே நியாயமாகக் கூறக்கூடியது. 'மீண்டும் வழுக்கை விழாது' என்ற வாக்குறுதிக்கு எந்த ஆய்வும் பிணை நிற்கவில்லை. கலங்களிலிருந்து பெற்ற 'எக்சோசோம்' எனப்படும் சரக்கைப் பற்றி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2019 இல் பகிரங்க எச்சரிக்கையே விடுத்தது. மயிர் நடும் மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கமும், உரிமம் பெறாத கையாட்கள் கத்தி பிடிக்கும் கள்ளச் சந்தையைக் குறித்து உலகெங்கும் எச்சரித்து வருகிறது.

இவ்வாறு கூறுவதால், மயிர் நடுதல் முழுவதும் வீணான ஆடம்பரம் என்று நான் சாதிப்பதாக வாசகர் கருதலாகாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு முயற்சியை இங்கே நினைவூட்ட வேண்டும். கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான டொக்டர் போல் பிராண்ட், 1940களின் பிற்பகுதி தொடக்கம் அங்கே தொழுநோயாளரின் மடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். கை திருந்தியும் அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. காரணம், அவர்களுக்குப் புருவம் இல்லை. தொழுநோய் புருவத்தை உதிர்த்துவிடும். புருவமற்ற முகம் நோய் தீர்ந்த பின்பும் நோயாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பிராண்டும் தோழர்களும் தலைத்தோலின் ஒரு துண்டை, அதற்குரிய குருதிக்குழாயோடு சேர்த்துத் தோலின் அடியால் இழுத்துவந்து புருவமாக அமைத்தனர். அது தலைமயிரைப் போலவே நீண்டு வளர்ந்தது, கத்தரிக்க வேண்டியதாயிற்று. ஆனால் சிலர் அதைக் கத்தரிக்காமல் வளரவிட்டுப் பெருமையோடு திரிந்தனராம்!

அந்த மனிதருக்குப் புருவம் அழகுப் பொருளன்று. ஊருக்குள் மீண்டும் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. நம் நாட்டிலும் 1708 இல் ஒல்லாந்தர் அமைத்த ஹெந்தளைத் தொழுநோய் மனையிலும், மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலும் எத்தனையோ பேர் முகத்தின் பொருட்டு ஊரை இழந்து வாழ்ந்தனர். அத்தகையோருக்கும், எரிகாயத்தால் மயிரிழந்தோருக்கும் இக்கலை பயன்படுவதே இதன் பிறப்பு நோக்கோடு பொருந்துவது. தேவை அதிகமாயுள்ள இடத்தில் அல்ல, பணம் அதிகமாயுள்ள இடத்திலேதான் கத்தியும் நுணுக்குக்காட்டியும் சென்று சேர்கின்றன என்பதே இன்றைய முரண்பாடு.

என் மாணவன் மறுவாரமும் வந்தான். மேலே எழுதியவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். 'போகாதே' என்று சொல்லவில்லை. தன் தலையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவனுடையது. ஆனால் அவன் வாங்கப்போவது பங்கீடு, உற்பத்தியன்று என்பதையும், இருபத்தெட்டு வயதில் பிடரியின் இருப்பைத் தீர்த்துவிட்டால் பின்னாளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதையும், தங்கையின் காசால் அவன் வாங்க எண்ணும் உறுதிமொழி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை என்பதையும் சொன்னேன். முதலில் அரசாங்க வைத்தியசாலையின் தோல்நோய் விசேட வைத்தியரைக் காணுமாறு கேட்டுக்கொண்டேன்.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "சேர், தலையைப் பார்த்து வேண்டாமென்றவர்கள் என் சம்பளத்தைக் கேட்கும்போது தலையைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தைக் கண்ட பிறகுதான் கேட்டார்கள்" என்றான். அவனது அந்தச் சொல்லிலே ஒரு சந்தை முழுவதும் அடங்கியிருந்தது. பெண்ணின் நிறத்தையும் சீதனத்தையும் எடைபோட்டுப் பழகிய தராசு, இப்போது ஆணின் தலையையும் எடைபோடத் தொடங்கியிருக்கிறது. தன் தமக்கையரை அத்தராசில் ஏற்றியபோது வாளாவிருந்த நாம், நம்மை ஏற்றும்போது மட்டும் நோகிறோம். நோவு உண்மையானதே, ஆனால் அதற்குரிய மருந்து இஸ்தான்புல்லில் இல்லை.

மயிர்க்காலின் இரகசியத்தை மனித அறிவு ஒருநாள் முற்றாக அவிழ்க்கும். அதில் எனக்கு ஐயமில்லை. கன்சாசு நிலையத்தவரின் உடலும், சலினாசுக் கிராமத்தவரின் குருதியும், ஆய்வாளர் ஒருவரின் முன்னங்கையும் சேர்ந்து ஈட்டிய அறிவு அது. எல்லோராலும் ஈட்டப்பட்டது எல்லோருக்கும் உரியதாகும் நாள் எப்போது என்பதே விஞ்ஞானம் தனித்து விடையளிக்க முடியாத வினா. அதற்கு விடை காண வேண்டியவர்கள் நாமே.